ஒரே நாளில் இரு ஒப்பந்தங்கள்: மழை பொய்த்தால் இழப்பு யாருக்கு?

தமிழகமும் கேரளமும் 1970 மே 29 அன்று இரண்டு நதிநீர் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஒன்று, பாலக்காடு எல்லையை ஒட்டிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கானது. மற்றொன்று, இடுக்கி மாவட்டத்தில் உள்ள முல்லைப் பெரியாறு அணைக்கான துணை ஒப்பந்தம். மழை ஏமாற்றும் ஆண்டில் இழப்பைச் சுமப்பவர் யார் என்பதில் இவை இரண்டும் வேறுபடுகின்றன.

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான நீராண்டில் மணக்கடவு தடுப்பணை வழியாகக் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கிடைக்க வேண்டும். சித்தூர் வட்டார வயல்கள் இதை நம்பியுள்ளன. அளவு மாறாதது, மழையோ மாறக்கூடியது. எனவே பற்றாக்குறை ஏட்டளவில் தமிழகத்தின் மீதே விழுகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, சுழற்சி முறையில் பாசனம் பெறுகிறது. வறட்சியில் அந்தச் சுற்றுகள் குறைகின்றன.

ஆனால் களநிலவரம் அவ்வளவு எளிதன்று. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் அவற்றை இயக்குவது தமிழகம். ஆண்டுக் கணக்கு நேராகிவிட்டாலும், கதிர் பிடிக்கும் வாரத்தில் வராத தண்ணீரால் சித்தூர் விவசாயிக்குப் பயனில்லை. ஒரு டி.எம்.சி.யின் மதிப்பு அது வந்து சேரும் நாளைப் பொறுத்தது. ஒப்பந்தத்தின் மொத்த அளவு இதைச் சொல்வதில்லை.

முல்லைப் பெரியாற்றில் ஆண்டு அளவு என்று எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. 1886இல் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை விடப்பட்ட நிலத்துக்கு 1970இல் ஏக்கருக்கு 30 ரூபாய் வாடகை முடிவானது. அங்கு எல்லைக்கோடு நீர்மட்டம்தான். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை 142 அடியாக உறுதி செய்தது. தேனி, மதுரை விவசாயிகளுக்குக் கூடுதல் அடி ஒவ்வொன்றும் வறட்சிக் காப்பீடு. அணைக்குக் கீழே வாழ்வோருக்கு அச்சம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது மட்டத்தை 139.99 அடியில் வைத்திருக்க நீதிமன்றமே இடைக்கால உத்தரவிட நேர்ந்தது.

மாற்று வழி இல்லாமலில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு, பற்றாக்குறை ஆண்டில் எல்லோருடைய பங்கும் விகிதாசாரப்படி குறைய வேண்டும் என்கிறது. பரம்பிக்குளம் ஒப்பந்தத்திலும் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய வகை உண்டு. 1958 நவம்பர் 9 முதல் கணக்கிட்டால் முதல் கெடு 1988இலும், இரண்டாவது 2018இலும் கடந்தன. 2019 செப்டம்பர் 25 அன்று திருவனந்தபுரத்தில் சந்தித்த அப்போதைய முதல்வர்கள் எடப்பாடி பழனிசாமியும் பினராயி விஜயனும் இதற்காகக் குழுக்கள் அமைக்க முடிவு செய்தனர்.