ரைபோசோம் எங்கிருந்து படிக்கத் தொடங்குகிறது?

நம் எலும்பு மஜ்ஜையில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கும். உட்கருவிலிருந்து வெளிவரும் தூது ஆர்.என்.ஏ.வைப் படித்து, ரைபோசோம்கள் இந்தப் புரதத்தைத் தயாரிக்கின்றன. இதுவரை பள்ளிப் பாடத்திலேயே உண்டு. ஆனால் அந்த நீண்ட இழையில் எந்த எழுத்திலிருந்து படிக்க வேண்டும் என்று ரைபோசோமுக்கு எப்படித் தெரியும்? புரதத் தயாரிப்பில் செல் மிக அதிகக் கவனம் செலுத்துவது இந்தத் தொடக்கத்தில்தான்.

ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கு: ஏ, யு, ஜி, சி. இவை மூன்று மூன்றாகப் படிக்கப்படுகின்றன. மூன்றெழுத்துக் குறியன்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்; சில, சங்கிலி முடிவதைக் குறிக்கும் நிறுத்தக் குறியன்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான (பீட்டா குளோபின்) செய்தி இப்படித் தொடங்குகிறது:

ஏயுஜி – ஜியுஜி – சிஏசி – சியுஜி – ஏசியு

அதாவது மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின். இதையே ஓர் எழுத்து தள்ளிப் படித்துப் பாருங்கள்: யுஜிஜி – யுஜிசி – ஏசிசி – யுஜிஏ. கடைசியில் வந்திருப்பது நிறுத்தக் குறியன். மூன்றே அமினோ அமிலங்களோடு சங்கிலி அறுந்துவிடும். இரண்டு எழுத்து தள்ளிப் படித்தால் ஐந்தாவது அமினோ அமிலத்துக்குப் பிறகு அதே யுஜிஏ வந்து நிற்கிறது. 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி கிடைக்க வேண்டுமென்றால் முதல் எழுத்து சரியாக அமைய வேண்டும். முதல் கோணல் இங்கே உண்மையிலேயே முற்றும் கோணல்.

ஏயுஜிதான் தொடக்கக் குறியன். ஆனால் அதை மட்டும் தேடினால் போதாது. பீட்டா சங்கிலியின் 55ஆவது இடத்திலும் மெத்தியோனின் உண்டு. அதற்கும் குறியன் ஏயுஜிதான். எது தொடக்கம், எது நடுவில் வருவது என்று பிரித்தறிய ஒரு முறை வேண்டும்.

நம் செல்கள் அதற்குத் தேர்ந்துகொண்ட வழி, இழையின் முனையிலிருந்து வரிசையாகத் தேடி வருவது. ரைபோசோமுக்குச் சிறிய பகுதி, பெரிய பகுதி என இரண்டு உண்டு. வேலை தொடங்கும்போது இரண்டும் பிரிந்தே இருக்கும். முதலில் சிறிய பகுதி தயாராகிறது. மெத்தியோனினைச் சுமந்த தொடக்கக் கடத்து ஆர்.என்.ஏ.வை, இஐஎஃப்2 என்ற தொடக்கக் காரணி ஜி.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறின் துணையோடு கொண்டுவந்து அதில் அமர்த்துகிறது. வேறு சில காரணிகளும் உடன் சேர்கின்றன.

மறுபுறம் தூது ஆர்.என்.ஏ.வும் தயாராகிறது. அதன் முன்முனையில் தொப்பி எனப்படும் ஒரு வேதி அமைப்பு இருக்கிறது. இஐஎஃப்4இ அந்தத் தொப்பியைப் பற்றிக்கொள்கிறது, இஐஎஃப்4ஏ இழையின் மடிப்புகளைப் பிரிக்கிறது, இஐஎஃப்4ஜி இவற்றை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. சிறிய பகுதி தொப்பியருகே ஏறி, இழைநெடுகத் தேடிக்கொண்டே நகர்கிறது. பீட்டா குளோபின் செய்தியில் முதல் ஏயுஜிக்கு முன்னால் 50 எழுத்துகள் இருக்கின்றன. கடத்து ஆர்.என்.ஏ.வில் குறியனோடு இணை சேரும் மூன்றெழுத்துப் பகுதியான எதிர்க்குறியன், ஏயுஜியோடு பொருந்தியதும் தேடல் நிற்கிறது. ஜி.டி.பி. பிளக்கப்படுகிறது, இஐஎஃப்2 விலகுகிறது, பெரிய பகுதி வந்து மூடிக்கொள்கிறது. அடுத்து வேலினைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ. உள்ளே வந்து, முதல் பிணைப்பு உருவாகிறது. தொடக்கத்துக்கு உதவிய அந்த மெத்தியோனின் பின்னர் வெட்டி நீக்கப்பட்டுவிடும்.

இந்தத் தேடல் முறையை 1978இல் முன்வைத்தவர் மேரிலின் கோசாக். ஏயுஜியைச் சுற்றியுள்ள எழுத்துகளும் முக்கியம் என்று காட்டியவரும் அவரே. 1987இல் முதுகெலும்பிகளின் 699 தூது ஆர்.என்.ஏ.க்களை அவர் ஒப்பிட்டார். ஏயுஜிக்கு மூன்று எழுத்து முன்னால் ஏ அல்லது ஜி இருப்பதும், ஏயுஜியை அடுத்து ஜி வருவதும் நல்ல தொடக்கத்துக்கு அடையாளம். பீட்டா குளோபினில் அந்த இடம் ஏசிசி – ஏயுஜி – ஜி என்று கச்சிதமாக அமைந்திருக்கிறது. ஹீமோகுளோபினின் மற்றொரு சங்கிலியான ஆல்ஃபா குளோபினின் மரபணுவில் ஏயுஜிக்குச் சற்று முன்னாலுள்ள இரண்டு எழுத்துகள் மட்டும் விடுபட்டுப்போய், அதனால் தாலசீமியா என்ற இரத்தசோகை நோய் ஏற்பட்டது 1985இலேயே கண்டறியப்பட்டது. புரதத்துக்கான குறியன்களில் ஒரு பிழையும் இல்லை. தொடங்குமிடத்தின் அடையாளம்தான் மங்கிப்போனது.

பாக்டீரியாக்களின் வழி வேறு. அவற்றின் தூது ஆர்.என்.ஏ.வில் தொப்பி கிடையாது. ஒரே இழையில் பல புரதங்களுக்கான செய்திகள் இருக்கலாம் என்பதால் முனையிலிருந்து தேடுவதும் உதவாது. மாறாக, ஒவ்வொரு தொடக்கத்துக்கும் சில எழுத்துகள் முன்னால் ஏஜிஜிஏஜிஜி போன்ற ஒரு வரிசை இருக்கும். ரைபோசோமின் சிறிய பகுதியிலுள்ள ஆர்.என்.ஏ. அதனோடு இணை சேர்ந்து, ஏயுஜியைச் சரியான இடத்தில் நிறுத்திவிடும். ஆஸ்திரேலியாவின் ஜான் ஷைனும் லின் டால்கார்னோவும் 1974இல் இதைக் கண்டறிந்தார்கள். பாக்டீரியா ரைபோசோமின் சிறிய பகுதியை அணு அணுவாக 2000இல் படம்பிடித்துக் காட்டியது, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு. அவருக்கு 2009இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தயாரிப்பை நிறுத்த வேண்டுமென்றாலும் செல் கைவைப்பது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். ஹீமோகுளோபினுக்குப் புரதம் மட்டும் போதாது, இரும்பு கொண்ட ஹீம் என்ற பகுதியும் வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்து ஹீம் கிடைக்காதபோது, எச்.ஆர்.ஐ. என்ற நொதி விழித்துக்கொண்டு இஐஎஃப்2மீது ஒரு பாஸ்பேட்டைப் பொருத்துகிறது. உடனே புதிய தொடக்கங்கள் குறைந்துவிடுகின்றன. இந்த நொதி நீக்கப்பட்ட எலிகளுக்கு இரும்புச்சத்துக் குறைந்தபோது, ஹீம் சேராத குளோபின் சிவப்பணுக்களுக்குள் திரண்டு படிந்தது. இந்தக் கட்டுப்பாடு செல்லுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு அதுவே சான்று.

போலியோ வைரஸ் தாக்குவதும் இதே இடத்தைத்தான். அது இஐஎஃப்4ஜியை வெட்டிப்போட்டு, தொப்பி வழியான தொடக்கத்தை முடக்குகிறது. அதன் ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பி தேவையில்லை; அதன் முன்பகுதியிலுள்ள மடிப்புகளே ரைபோசோமை நேரடியாக உள்ளே வரவழைக்கின்றன. 1988இல் இது தெரியவந்தது.

ஆகவே ஒரு மரபணுவைப் புரிந்துகொள்ள அதன் குறியன்களை மட்டும் படித்தால் போதாது, அவற்றுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளையும் படிக்க வேண்டும். கொரோனாவுக்கு எதிரான ஃபைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியை வடிவமைத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அதன் தூது ஆர்.என்.ஏ.வின் முன்பகுதி, மனித ஆல்ஃபா குளோபினிலிருந்து எடுத்து, கோசாக் கண்டறிந்த விதிக்கேற்பச் செப்பனிடப்பட்டது.