பேயை அவித்துத் தின்னலாம்!

பேய் என்றால் பிள்ளைகள் நடுங்குவார்கள். அந்தப் பேயையே அவித்து, உப்பு தூவித் தின்றால்?

மேல்நாடுகளில் ஆண்டுதோறும் அக்டோபர் 31-ந் தேதி இரவு இந்த வேடிக்கை நடக்கிறது. அதற்கு "ஹாலோவீன்" என்று பெயர். அன்று இரவு ஆவிகள் உலாவும் என்று அயர்லாந்து மக்கள் முன்பு நம்பினார்கள். டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து, பேய் முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தார்கள். அவர்கள் அமெரிக்காவில் குடியேறிய பிறகு, கிழங்கின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்தது. இன்று விருந்தில் முட்டையும் பேயாகிறது!

நம் ஊர் இரவு

தென்காசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் பயப்பட ஓர் இரவு உண்டு. சுடலைமாடன் கோவில் கொடையில், நள்ளிரவில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். பிள்ளைகள் தாயின் சேலையைப் பிடித்துக் கொள்வார்கள். முட்டையும் பயம் காட்டும். திருஷ்டி கழித்த முட்டை முச்சந்தியில் உடைந்து கிடந்தால், பெரியவர்களே ஒதுங்கிப் போவார்கள்!

அக்டோபர் கடைசி என்றால் ஐப்பசி மழை. குற்றாலம் பேரருவியிலும் ஐந்தருவியிலும் வெள்ளம் புரண்டால், குளிக்கத் தடை போட்டு விடுவார்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபடுவார்கள். மின்சாரமும் போய்விட்டால் மூலையில் பேய் தெரியும்! அந்த மாலைக்கு நாலு முட்டை போதும்.

செய்வது எப்படி?

முட்டைகள் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்த பிறகு 10 நிமிடம் வேகட்டும். பிறகு குளிர்ந்த நீரில் போடுங்கள்.

இரண்டு முட்டைகளை உரித்து, நிற்பதற்காக அடியில் சிறிது சீவுங்கள். இரண்டு மிளகைக் கண்ணாகப் பதியுங்கள். கேரட் துண்டு வாய். வெள்ளைப் பேய் தயார்! தின்னும்போது மிளகை எடுத்து விடுங்கள்.

மற்ற இரண்டையும் உரிக்காதீர்கள். ஓடு முழுதும் விரிசல் விழும்படி கரண்டியால் மெதுவாகத் தட்டுங்கள். பால் சேர்க்காத கெட்டித் தேயிலைச் சாற்றில் உப்புப் போட்டு, அரைமணி நேரம் இளந்தீயில் வையுங்கள். ஆறியதும் உரித்தால், பழுப்பு நிறச் சிலந்தி வலை! சீனாவில் இந்தத் தேயிலை முட்டையைத் தெருவிலே விற்கிறார்கள்.

பச்சை வளையம் விஷமா?

வலை முட்டையை வெட்டினால், மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியலாம். "ஐயோ, விஷம்!" என்று எறிந்து விடாதீர்கள். மஞ்சள் கருவில் இரும்பு இருக்கிறது. வெள்ளைக் கருவில் கந்தகம் இருக்கிறது. நெடுநேரம் வெந்தால் இரண்டும் சேர்ந்து அந்த நிறம் வருகிறது. தாராளமாகத் தின்னலாம். ஆனால் அவித்த முட்டையை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். கெட்டுப்போன முட்டைதான் உண்மையான பேய்!

தாய்மார்களே, வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். அடுப்பை மட்டும் நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். வலை எப்படி வந்தது? தேயிலையால். பச்சை எப்படி வந்தது? இரும்பும் கந்தகமும் சேர்ந்ததால். இப்படிக் காரணம் கேட்டுப் பழகிய பிள்ளை, இருட்டிலும் கிட்டப் போய்ப் பார்க்கும். மூலையில் நிற்பது பேய் அல்ல. அப்பா கழற்றி மாட்டிய சட்டை!