மும்பையை அனுபவிப்போம்: உணவு, நாடகம், நடை

மும்பைத் தமிழர் இருவர் சந்தித்தால் பேச்சு லோக்கல் வண்டிக் கூட்டத்தில் தொடங்கி, பிளாட் விலைக்குப் போய், ஊருக்கு டிக்கெட் கிடைக்காத கதையில் முடியும். இந்த ஊரில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம், எங்கே நல்ல நாடகம் பார்க்கலாம், எங்கே காலாற நடக்கலாம் என்று பேசிக்கொள்வது அபூர்வம். கேட்டால், "அதற்கெல்லாம் நேரம் ஏது சார், பணம் ஏது?" என்பார்கள். முப்பது ஆண்டுகள் தாதர் ஸ்டேஷனில் வண்டி மாறியவர்களில்கூடப் பலர், அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள சிவாஜி மந்திர் நாடக அரங்கத்துக்குள் காலடி எடுத்து வைத்ததில்லை.

ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் கால அட்டவணையாகப் பார்ப்பது பழகிப் போய்விட்டது. அப்படிப் பார்க்கும்போது, இந்த ஊரின் இன்பங்களுக்குத் தேவையான முதல் டிக்கெட் பணம் அல்ல, சரியான நேரம்தான் என்று தோன்றுகிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டம் எந்தப் பக்கம்?

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியதே இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் ஊர் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தது. தெற்கு முனையில் ஆபீஸ்கள், வடக்கே வீடுகள். காலையில் கூட்டமெல்லாம் தெற்கே போகும், மாலையில் வடக்கே திரும்பும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்கும் நெரிசலுக்கு ரயில்வேயில் தனிப் பெயரே உண்டு.

ஆனால் ஒரு பக்கம் நிரம்பிப் போன வண்டி மறு பக்கம் திரும்பி வந்தாக வேண்டும் அல்லவா? அந்தத் திரும்பும் வண்டியில் இடம் இருக்கும். பாந்த்ரா-குர்லா வளாகம், அந்தேரி, நவி மும்பை ஆகிய இடங்களில் ஆபீஸ்கள் பெருகிய பின் எதிர்த் திசையும் முன்போல் காலி இல்லைதான். இருந்தாலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வார நாளில் காலை பதினொரு மணிக்குப் பிறகு தெற்கே போய், மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிடலாம். அல்லது மாலை ஐந்துக்குத் தெற்கே போய், ஒன்பதரைக்குமேல் திரும்பலாம். இரண்டு விதத்திலும் வயதானவர்களுக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஆபீஸ் போகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று: சட்டைப் பையில் இருக்கும் மாதப் பாஸ் ஞாயிற்றுக்கிழமையும் செல்லும். அந்தப் பாஸின் எல்லைக்குள் எங்கே போனாலும் பயணச் செலவு இல்லை.

ஞாயிறு என்றதும் பலரும் சலித்துக்கொள்வது 'மெகா பிளாக்' பற்றி. தினமும் விடியற்காலை நான்கு மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவு தாண்டும்வரை வண்டி ஓடும் தண்டவாளத்தைச் சரிபார்க்க வேறு நேரமே கிடையாது. ஸ்லீப்பர், ஜல்லி, மேலே செல்லும் மின்கம்பி, சிக்னல் ஆகிய அனைத்துக்கும் ஞாயிறு பகலில்தான் சில மணி நேரம் கிடைக்கிறது. பெரும்பாலும் காலை பதினொரு மணி வாக்கில் தொடங்கி மாலை நான்கு வாக்கில் முடியும். மெயின் லைனில் முலுண்டுக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே ஸ்லோ பாதையை மூடினால், ஸ்லோ வண்டிகள் ஃபாஸ்ட் பாதையில் போகும். ஃபாஸ்ட் பாதையில் பிளாட்பாரம் இல்லாத நாஹூர், கஞ்சூர்மார்க், வித்யாவிஹார் ஸ்டேஷன்களில் அவை நிற்காது. சனிக்கிழமையே பத்திரிகையில் அறிவிப்பு வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்து நாலரைக்குமேல் திரும்புவதாகத் திட்டமிட்டால் மெகா பிளாக் நம்மை ஒன்றும் செய்யாது.

சாப்பாடு

நம்மவர்களுக்குப் பழகிய இடம் மாட்டுங்கா. கஃபே மைசூர் 1936இலும், ராமாஸ்ரயா 1939இலும், கஃபே மெட்ராஸ் 1940இலும் தொடங்கியவை. ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இல் மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டித் தொடங்கி, வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. வேலை தேடி வந்து, வீடில்லாமல் அறை எடுத்துத் தங்கிய ஆயிரக்கணக்கான தென்னிந்திய இளைஞர்களுக்கு இத்தகைய இடங்கள்தான் அம்மா கை உணவுக்கு அடுத்தபடி.

இங்கே தரமும் நியாயமான விலையும் எப்படிக் கட்டுப்படியாகிறது? ஒரு மேஜை ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை காலியாகிறது என்பதே ஓட்டல் தொழிலின் கணக்கு. குறைவான வகைகள், இடைவிடாமல் வேகும் இட்லி, முன்பின் தெரியாதவர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது, சாப்பிட்டு முடித்ததும் பில் வந்துவிடுவது ஆகிய அனைத்தும் அந்தக் கணக்கைச் சேர்ந்தவை. வாடகையைப் பலர் பங்கிட்டுக்கொள்வதால் ஒருவர் தலையில் விழும் பங்கு குறைகிறது. ஆகவே அங்கே நிதானமாக அரட்டை அடிக்க முடியவில்லையே என்று குறைப்பட்டுப் பயனில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பெயர் எழுதிக் காத்திருப்பதைவிட, வார நாளில் பகல் பதினொரு மணிக்குப் போவது நல்லது. சில கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிதானமாக உட்கார வேண்டுமானால் இரானி ஓட்டல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானிலிருந்து வந்தவர்கள் தெரு முனைகளில் தொடங்கியவை இவை. மரைன் லைன்ஸ் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், மெட்ரோ தியேட்டர் எதிரே உள்ள கியானி 1904இல் தொடங்கியது. மொறுமொறுப்பான புரூன் ரொட்டியில் வெண்ணெய் தடவி, டீயில் தோய்த்துச் சாப்பிடலாம். முட்டை, மாமிசம் சேர்க்காதவர்கள் ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு உயிரான வடா பாவ் 1966இல் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அசோக் வைத்யா என்பவரின் வண்டிக் கடையில் பிறந்தது என்பார்கள். தாதரிலேயே மிசல், சாபுதானா வடை, தாலிபீட் போன்ற மராத்திப் பலகாரங்கள் கிடைக்கும் நல்ல சைவக் கடைகள் உண்டு. தாலிபீட் நம் அடைக்குத் தங்கை முறை. ஒரு தடவை ருசித்துப் பார்த்தால் வீட்டிலும் செய்யத் தோன்றும்.

நாடகம்

"மராத்தி தெரியாதே, நாடகம் எப்படிப் புரியும்?" என்று கேட்பீர்கள். மராத்தி நாடகத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சாஹாஜி, 1684இல் பட்டத்துக்கு வந்தவர், தெலுங்கிலும் மராத்தியிலும் நாடகங்கள் இயற்றினார். தஞ்சை மராட்டியர் காலத்து நாடகச் சுவடிகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. மகாராஷ்டிரத்தில் விஷ்ணுதாஸ் பாவே சாங்லியில் 'சீதா சுயம்வர்' நாடகத்தை மேடையேற்றியது 1843இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காவிரிக் கரையில் மராத்தி நாடகம் இருந்தது என்பதில் நாம் பெருமைப்படலாம்.

தாதர் மேற்கில் பிளாசா தியேட்டர் எதிரே உள்ள சிவாஜி மந்திர் 1965இல் திறக்கப்பட்டது. மாட்டுங்கா மேற்கில் யஷ்வந்த் நாட்டிய மந்திரும், பிரபாதேவியில் ரவீந்திர நாட்டிய மந்திரும் உள்ளன. மராத்திப் பத்திரிகைகளின் வார இறுதி இதழ்களில் நாடக விளம்பரங்கள் வரிசையாக வரும். மூன்று மணி அடித்தபின்தான் திரை விலகும். இடைவேளையில் சூடான படாடா வடையும் டீயும் கிடைக்கும். முதல் தடவை குடும்ப நகைச்சுவை நாடகமாகப் பாருங்கள். வசனம் பாதி புரிந்தாலும் நடிப்பு மீதியைச் சொல்லிவிடும். பழகியபின் விஜய் தெண்டுல்கர் போன்றவர்களின் கனமான நாடகங்களுக்குப் போகலாம். 1967இல் மேடையேறிய அவருடைய 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' பல இந்திய மொழிகளுக்குப் போன நாடகம்.

ஹிந்தி சுலபம் என்பவர்களுக்கு ஜுஹுவில் பிருத்வி தியேட்டர் இருக்கிறது. சசி கபூரும் அவர் மனைவி ஜெனிஃபரும் 1978 நவம்பர் 5 அன்று திறந்தது. சுமார் இருநூறு பேர் மட்டுமே மூன்று பக்கமும் அமர்ந்து பார்க்கும் அரங்கம். நடிகர் மூச்சு விடுவதும் கேட்கும். நாடகம் தொடங்கியபின் வந்தால் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே வில்லே பார்லே ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். நரிமன் பாயிண்டில் 1969இல் நிறுவப்பட்ட என்.சி.பி.ஏ. மையத்தின் டாட்டா தியேட்டர் 1980இல் திறக்கப்பட்டது. மேடையைச் சுற்றி விசிறிபோல் விரிந்த அரங்கம், கடைசி வரிசைக்கும் குரல் தெளிவாகக் கேட்கும்படி கட்டியிருக்கிறார்கள்.

நம்முடைய ஷண்முகானந்தாவைச் சொல்லாமல் விட முடியுமா? 1952இல் தொடங்கிய சபா, 1963இல் அரங்கத்தைத் திறந்தது. 1990இல் தீ விபத்தில் அரங்கம் பாழாயிற்று. சபையினர் முயன்று 1998இல் மீண்டும் திறந்தார்கள். நாம் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் போய் நாற்காலிகளை நிரப்பினால்தான் இத்தகைய அரங்கங்கள் நிலைக்கும்.

நடை

ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டிவிட்டு இரண்டாவது மாதமே போகாமல் விட்டவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலுக்கு உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது ஐந்து நாள், அரை மணி நேரம். மிதமான வேகம் என்றால் என்ன? நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. வேறு கருவி எதுவும் தேவையில்லை.

தாதரில் 1925இல் திறக்கப்பட்ட சிவாஜி பார்க்கைச் சுற்றியுள்ள கட்டையை ஒட்டி நடந்தால் ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். இரண்டு சுற்று போனால் அன்றையக் கணக்கு சரியாகிவிடும். களைத்தால் அந்தக் கட்டையிலேயே உட்காரலாம். அங்கே ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திரில் சிறுவர் சிறுமியர் மல்லகம்பம் பழகுவதைப் பேரக்குழந்தைகளுக்குக் காட்டுங்கள். மாட்டுங்காவில் ஐந்து தோட்டம் என்னும் ஃபைவ் கார்டன்ஸ், தெற்கே மரைன் டிரைவ், போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஆகியவையும் நடைக்கு ஏற்றவை.

சில எச்சரிக்கைகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் புகையும் தூசியும் தரைமட்டத்திலேயே தங்கிவிடும், வெயில் ஏறியபின் நடப்பது நல்லது. மழைக்காலத்தில் பாசி பிடித்த நடைபாதையைத் தவிர்த்து, கட்டடத்தின் வராந்தாவிலேயே நடக்கலாம். அறுபதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். விழாமல் இருக்க அது உதவும். இதய நோய், முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்கவும். ஸ்டேஷன் பாலத்துப் படிகளும் நல்ல உடற்பயிற்சிதான். ஆனால் கூட்ட நேரத்தில் வேண்டாம். 2017 செப்டம்பர் 29 அன்று, பிறகு பிரபாதேவி எனப் பெயர் மாறிய எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் பாலத்து நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு

இவ்வளவும் யாருக்காகச் சொல்கிறேன் என்றால், முக்கியமாக நம் பெரியவர்களுக்காக. ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு, மகன் அல்லது மகள் வீட்டோடு வந்து தங்கும் அம்மா அப்பாக்கள் டோம்பிவிலியிலும் முலுண்டிலும் வாஷியிலும் எத்தனையோ பேர். ஊரில் கோயில், கடைத்தெரு, திண்ணை என்று நாள் முழுதும் நடமாடியவர்கள், இங்கே ஏழாம் மாடி ஜன்னலோடு நின்றுவிடுகிறார்கள். மொழி தெரியாது, வழி தெரியாது. பிள்ளைக்கு லீவு கிடைத்தால்தான் வெளியே. உடம்பு தளர்வதற்கு முன் மனம் தளர்ந்துவிடுகிறது. சாப்பாடும் மருந்தும் குறைவில்லாமல் கொடுத்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவர்களுக்கு நகரம் முழுவதையும் காட்ட வேண்டாம். ஒரே ஒரு வழியைப் பழக்கிக் கொடுங்கள். முலுண்டில் உள்ளவர்களுக்கு மாட்டுங்கா வழி பொருத்தம். பிளாட்பாரப் பலகையில் எஸ் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஸ்லோ, எஃப் இருந்தால் ஃபாஸ்ட். முலுண்டில் ஸ்லோ வண்டி ஏறினால் ஒன்பதாவது நிறுத்தம் மாட்டுங்கா. ஸ்டேஷன் பெயரைப் படிக்கத் தெரியாவிட்டாலும் விரல் விட்டு எண்ணலாம். இறங்கினால் பூக்கடையிலும் காய்கறிக் கடையிலும் தமிழிலேயே பேசலாம். கோயில், டிபன், ஃபைவ் கார்டன்ஸில் நாலு நடை, தெரிந்த முகங்கள் இரண்டு. வீட்டு முகவரியும் டெலிபோன் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று பையில் இருக்கட்டும். மெகா பிளாக் இருக்கும் ஞாயிறு மட்டும் வேண்டாம்.

முதல் தடவை கூடவே போங்கள். இரண்டாம் தடவை கூடப் போனாலும் வழி சொல்லாமல் அவர்கள் பின்னால் நடங்கள். மூன்றாம் தடவை அவர்களே போய், காபி குடித்துவிட்டு, ஒரு முழம் மல்லிகையோடு திரும்பி வரட்டும்.