பலகாரத் தட்டு

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி வட்டாரத்துச் சிற்றூர்களுள் எம். புதுப்பட்டியும் ஒன்று. வானம் பார்த்த பூமி அது. உழவை மட்டும் நம்பி வாழ இயலாத அவ்வட்டாரத்து மக்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வாழ்வளித்து வருகின்றன. 1923-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். பட்டாசுத் தொழிலும் வண்ண அச்சுத் தொழிலும் அதன் பின்னரே இங்குக் கிளைத்துப் பெருகின. பகலெல்லாம் ஆலையில் உழைக்கும் இம்மக்களின் இல்லங்களில் காதணி விழாவோ வளைகாப்போ புதுமனை புகுவிழாவோ வருமாயின், கூடத்தின் நடுவே முதலில் இடம்பெறுவது பலகாரத் தட்டேயாகும்.

பெரிய தாம்பாளம் ஒன்றில் பல வகைத் தின்பண்டங்களை ஒரு கருத்திற்கு இசைய அடுக்கி, வந்தோர் தாமே எடுத்து உண்ணும்படி வைப்பதே பலகாரத் தட்டு எனலாம். இவ்வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பாரசீக மக்கள் தம் புத்தாண்டாகிய நவ்ரோசு நாளில், அவர்தம் மொழியில் ஒரே எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களை ஒருங்கே பரப்பி வைப்பர். ஆப்பிளும், முளைகட்டிய கோதுமையினின்று காய்ச்சிய களியும் அவற்றுள் அடங்கும். பிரான்சு நாட்டின் தென்பகுதியாகிய புரோவான்சில் கிறித்துமசு இரவன்று பதின்மூன்று இனிப்புகளை வைத்தல் மரபு. உலர்ந்த அத்தி, உலர்ந்த திராட்சை, வாதுமை, தேனும் பருப்பும் கலந்து இறுக்கிய மிட்டாய் என அவற்றுள் பெரும்பாலானவை அந்நாட்டு மண்ணில் விளைந்தவையே. நம் தென்மாவட்டங்களில் சித்திரை முதல் நாள் காலையில் கண்விழித்ததும் காண்பதற்கென்று கனிகளையும் கண்ணாடியையும் தட்டில் வைக்கின்றனரே, அதுவும் இவ்வகையினதே. இவை யாவற்றிலும் ஒரு கருத்து உண்டு. கருத்து ஒன்று இருந்துவிட்டால், எதை வைப்பது, எதை விடுப்பது என்னும் குழப்பம் நீங்கிவிடும். தட்டு அமைத்தலில் பாதி வேலை அதனோடு முடிந்தது.

எம். புதுப்பட்டியில் இருப்பவர் கருத்தைத் தேடித் தொலைவில் அலைய வேண்டுவதில்லை. ஊரைச் சுற்றி ஒருநாள் பயணத்திற்குள் அடங்கும் ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு பண்டத்திற்குப் பெயர் பெற்றவை. மேற்கே ஆண்டாள் கோயில் கொண்டுள்ள திருவில்லிபுத்தூர் பால்கோவாவிற்குப் புகழ் வாய்ந்தது. கிழக்கே சாத்தூர் காரச்சேவுக்குப் பெயர் பெற்றது. அதற்கும் தெற்கே தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியின் கடலை மிட்டாயை அறியாத சிறுவர் தமிழ்நாட்டில் இலர். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்கு 2019-ஆம் ஆண்டிலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. பிற ஊரில் செய்த பண்டத்திற்கு அவ்வூர்ப் பெயரை இட்டு விற்றலைத் தடுக்கும் சட்டக் காப்பு அது. இவற்றோடு, விருதுநகர், சாத்தூர்ப் பகுதிகளில் கிடைக்கும் கருப்பட்டி மிட்டாயையும் சேர்த்துக்கொண்டால் ‘ஊர்த்தட்டு’ நிறைவுறும். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் பிழிந்து பொரித்துக் கருப்பட்டிப் பாகில் ஊறவைத்தால் கருப்பட்டி மிட்டாய். சீனிப் பாகில் ஊறவைத்தால் சீனி மிட்டாய். பின்னதனை ஏணிமிட்டாய் என்பாரும் உளர்.

இத்தனையும் கடையில் கிடைப்பவைதாமே, வாங்கி வந்து தட்டில் கொட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கொட்டிவைத்த தட்டு ஒரு நாழிகைக்குள் கெட்டுவிடும். காரச்சேவு நமத்துப் போகும். கடலை மிட்டாய் கையில் ஒட்டும். பால்கோவாவில் காரமும் எண்ணெயும் ஏறும். இதன் காரணத்தை அறிந்தவரே நல்ல தட்டு அமைக்க வல்லவர்.

பண்டங்கள் ஒவ்வொன்றும் தம்முள் கொண்டுள்ள நீரின் அளவு வேறு வேறு. பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீரே. திருவில்லிபுத்தூரில் அந்தப் பாலை அகன்ற இருப்புச் சட்டியிலிட்டு, சீனி சேர்த்து, அடிப்பிடிக்காமல் இடைவிடாது கிண்டிச் சுண்டவைக்கின்றனர். 10 லிட்டர் பால் சுண்டிச் சுண்டி மூன்றரைக் கிலோ அளவிற்குக் குறைந்துவிடும். அப்பொழுதும் நீர் முற்றும் நீங்குவதில்லை; பால்கோவாவின் மென்மைக்கு எஞ்சிய அந்நீரே காரணம். கடலை மிட்டாயின் தன்மை இதற்கு நேர்மாறானது. வெல்லப் பாகைக் கொதிக்கவைத்து, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்து எறிந்தால் ‘டங்’ என்று ஒலிக்கும் பதம் வரும்வரை காய்ச்சுவர். அந்தப் பதத்தில் பாகில் நீர் மிகச் சிறிதே இருக்கும். வறுத்து உடைத்த கடலையைச் சேர்த்து ஆறவைத்தால் பாகு கண்ணாடி போல் இறுகிவிடும். கடித்தால் ‘கடுக்’கென உடைவது அதனாலேயே. காரச்சேவும் அவ்வாறே; கடலை மாவும் அரிசி மாவும் கலந்து பிழிந்த ஈரத்தைக் கொதிக்கும் எண்ணெய் விரட்டிவிடுவதால் அது மொறுமொறுப்பாகின்றது.

ஈரமுள்ள பண்டத்தையும் ஈரமற்ற பண்டத்தையும் அருகருகே வைத்து மூடினால், நீர் முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும். இதனால் இரண்டும் கெடும். ஈரத்தை இழந்த பால்கோவா வறண்டு பொடியும். ஈரத்தைப் பெற்ற சேவு துவளும். இனிப்புப் பண்டங்களுக்கு நீரை ஈர்க்கும் ஆற்றல் மிகுதி. மழைக்காலத்தில் சீனி டப்பாவைத் திறந்து வைத்தவர் எவரும் இதனை அறிவர். ஆகவே தட்டில் ஒவ்வொரு பண்டத்திற்கும் தனி இல்லம் வேண்டும். பால்கோவாவைச் சிறு கிண்ணங்களிலோ வாழையிலைத் துண்டிலோ வைத்தல் நலம். பாகு கசியும் கருப்பட்டி மிட்டாய்க்கு ஓலைக்கொட்டானைப் போன்ற கலம் பிறிதில்லை. பனையிலிருந்து வந்த இனிப்பு பனையோலையிலேயே அமர்வது கண்ணுக்கும் அழகு. சேவைச் சிறு கூடையில் தாள் விரித்துக் கொட்டலாம்; ஆயின் அச்சடித்த செய்தித்தாளை விரித்தல் ஆகாது. அச்சு மையில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் உண்டு. அவை எண்ணெயில் கரைந்து பண்டத்தில் ஏறும். அச்சுத் தொழிலில் பெயர்பெற்ற வட்டாரத்தில் இதனைத் தனியே சொல்ல வேண்டியதில்லை எனினும், சேவு பெரும்பாலும் செய்தித்தாளிலேயே அமர்கிறது.

இனி அளவைக் காண்போம். இருபத்தைவர் வரும் சிறு விழா என்க. ஒருவருக்கு 100 கிராம் பண்டம் போதும். அதற்குப் பின் சோறு உண்டல்லவா? பால்கோவா 500 கிராம், கடலை மிட்டாய் 500 கிராம், கருப்பட்டி மிட்டாய் 500 கிராம், காரச்சேவு 750 கிராம், வீட்டிலேயே பிடித்த எள்ளுருண்டை 250 கிராம். ஆக 2,500 கிராம். இனிப்புத் தட்டில் காரத்திற்கு ஏன் இத்துணை இடம் என்று தோன்றலாம். இனிப்பை மட்டும் உண்டவர் இரண்டாவது துண்டிலேயே திகட்டிக் கையை எடுத்துவிடுவார். இடையே நான்கு சேவைக் கொறித்தவர்க்கு நாக்கு தெளிந்து, அடுத்த இனிப்பின் சுவை புதிதாய்த் தோன்றும். சேவு இல்லாத தட்டில்தான் இனிப்பு மிஞ்சி வீணாகும்.

அடுக்கும் முறையைச் சிவகாசி வட்டாரத்தார்க்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு விற்பனையாகும் பட்டாசுப் பரிசுப்பெட்டியை நினைத்துப் பார்த்தால் போதும். பல வகை மத்தாப்பும் சக்கரமும் வாணமும் ஒரே பெட்டியில் அசையாது அமர்ந்திருக்கும். பெரியவற்றை முதலில் வைத்து, எஞ்சிய சந்துகளைச் சிறியவற்றால் நிரப்பினால்தான் அவ்வாறு அமரும். தட்டிலும் அதுவே முறை. முதலில் கிண்ணங்களும் கொட்டானும். அடுத்து அடுக்கி நிறுத்தத்தக்க கடலை மிட்டாய். பின்பு இடைவெளிகளில் எள்ளுருண்டை, உலர்ந்த திராட்சை, பனங்கற்கண்டு. வெண்மஞ்சள் நிறப் பால்கோவாவிற்கு அருகே கரிய எள்ளுருண்டை அமைந்தால் இரண்டும் எடுப்பாகத் தோன்றும். பழம் வைப்பதாயின் அறுக்காமல் வைத்தலே நன்று. கோடையில் இராசபாளையத்து மாம்பழம் ஒன்றைத் தட்டின் நடுவே நிறுத்தினால் அதன் மணமே விருந்தினரை அழைத்துவிடும். ஆனால் அதனை அறுத்து வைத்தால் ஈயும் ஈரமும் சேர்ந்து தட்டைப் பாழாக்கும்.

ஊர்த்தட்டைப் போன்றே பிற தட்டுகளும் அமைக்கலாம். கருப்பட்டி மிட்டாய், பனங்கற்கண்டு, தை மாசியில் பனங்கிழங்கு என ஒரே மரத்தின் கொடைகளைக் கொண்டு பனைத்தட்டு அமையும். கடலை, எள், கம்பு ஆகியவற்றால் செய்தவற்றைக் கொண்டு கரிசல்தட்டு அமையும். சிறுவர் பெரிதும் விரும்புவது தீபாவளித் தட்டே. அதில் சுற்றிய முறுக்கு தரைச்சக்கரமாகும். ஒரு கும்பமாய்க் குவித்த பூந்தி பூவாணமாகும். லட்டு வெங்காய வெடியாகும். நீண்ட சீனி மிட்டாய் சாட்டையாகும். பெரிய செலவின்றி, சிரிப்பை வரவழைக்கும் தட்டு இது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அழகிற்கெனச் சிலர் உண்மையான கம்பி மத்தாப்பைப் பலகாரத்தின்மேல் குத்திக் கொளுத்துகின்றனர். மத்தாப்பின் பச்சை நிறத்திற்குப் பேரியம் கலந்த உப்பும், சிவப்பிற்கு இசுட்ராண்டியம் கலந்த உப்பும், வெள்ளொளிக்கு அலுமினியத் தூளும் பயன்பட்டு வந்துள்ளன. நீரில் கரையும் பேரிய உப்புகள் கொடிய நஞ்சு. 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தைத் தடை செய்தது. எரிந்து சிந்தும் சாம்பல் எவ்வகையினதாயினும் உணவில் விழத்தக்கதன்று.

மத்தாப்பைத் தட்டில் வைக்காத வீட்டிலும் மருந்து கையின் வழியே வந்து சேரக்கூடும். ஆலையில் மருந்து கலந்தும் திரி வைத்தும் மாலையில் வீடு திரும்புவோரின் கைவிரல்களிலும் நகக்கண்களிலும் வெள்ளியைப் போல் மின்னும் தூள் படிந்திருக்கும். உடையிலும் தலைமயிரிலும் ஒட்டியிருக்கும். விழா நாளின் அவசரத்தில் வாசலில் கையை உதறிவிட்டு நேரே எள்ளுருண்டை பிடிக்க அமர்தல் ஆகாது. குளித்து, உடை மாற்றி, நகக்கண் வரை சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உணவுப் பொருளைத் தொட வேண்டும். வேலை உடையைக் குழந்தைகளின் உடையோடு சேர்த்துத் துவைத்தலும் தவறு. தட்டு அடுக்கும் பணியை அன்று ஆலைக்குச் செல்லாத பெரியவர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் ஒப்படைத்துவிடுதல் எளிய வழி. பிள்ளைகளுக்கு அது பெருமையாகவும் இருக்கும்.

உண்போரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலக்கடலை சிலர் உடலுக்கு ஒவ்வாது. சிறிதளவே உண்டாலும் மூச்சுத் திணறும் அளவிற்குத் துன்புறுவோர் உளர். ஆகவே கடலை மிட்டாயைத் தட்டின் ஓரத்தில், பெயர் எழுதிய சிறு அட்டையுடன் தனியே வைத்தல் நன்று. நான்கு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் கையில் முழுக்கடலையைக் கொடுத்தல் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கருப்பட்டி சீனியைவிட நல்லது என்று நம்பி நீரிழிவு நோயாளர் அதனை மிகுதியாக உண்கின்றனர். கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரையே. அவர்களுக்கென ஒரு கிண்ணத்தில் அவித்த கடலையோ வறுத்த பயறோ வைத்தால், விருந்தில் தாம் விடுபட்டோம் என்னும் எண்ணம் அவர்களுக்குத் தோன்றாது.

வெயில் நாளில் பால்கோவாவை இறுதியாகவே வெளியே எடுக்க வேண்டும். கடையில் வாங்கும்பொழுது செய்த நாளைக் கேட்டு அறிதல் நலம். புளித்த மணமோ பூஞ்சைப் புள்ளியோ தென்படின், மேற்பகுதியைச் சுரண்டிவிட்டு எஞ்சியதை உண்ணலாம் என்று எண்ணலாகாது. முழுவதையும் எறிந்துவிட வேண்டும். தட்டின்மேல் மெல்லிய வெள்ளைத் துணியை மூடி வைத்தால் ஈயும் தூசும் அணுகா, காற்றும் ஊடாடும்.

இத்தகைய தட்டு ஒன்று போதும். ஆனால் இந்நாளில் சீர் கொண்டு செல்வோர் 21 தட்டு, 51 தட்டு, 101 தட்டு என எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே செல்கின்றனர். ஒற்றைப்படையில் இருத்தல் வேண்டும் என்னும் மரபு எண்ணிக்கையைப் பெருக்கச் சொல்லவில்லை, ஒன்றும் ஒற்றைப்படைதான். கிழமைக் கூலியில் வாழும் குடும்பம் வட்டிக்குக் கடன் பெற்று நூற்றொரு தட்டு நிரப்பினால், பலகாரம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். வட்டி தீர ஆண்டுகள் ஆகும். வந்தவர்களோ தட்டை எண்ணுவார்களேயன்றி, எதனையும் சுவைப்பதில்லை. மேற்சொன்ன இரண்டரைக் கிலோத் தட்டைச் சுற்றி அமர்ந்தவர்கள், இது எந்த ஊர்ச் சேவு, யார் பிடித்த உருண்டை என்று கேட்டுக் கேட்டு உண்பர்.

விழா முடிந்ததும் எஞ்சியவற்றைப் பிரித்தெடுத்து வைக்க வேண்டும். சேவும் கடலை மிட்டாயும் காற்றுப் புகாத டப்பாக்களில் தனித்தனியே பல நாள் இருக்கும். பால்கோவாவை அன்றே அண்டை வீடுகளுக்குப் பகிர்ந்தளித்துவிடலாம். பகிர்ந்தளித்த கிண்ணங்கள் ஓரிரு நாளில் திரும்பி வரும். அவற்றை வெறுங்கிண்ணமாகத் திருப்புதல் தமிழர் வழக்கமன்று. ஒரு கிண்ணத்தில் ஒரு பிடி சீனி இருக்கும். மற்றொன்றில் இரண்டு வாழைப்பழம். வேறொன்றில், அன்று காலை அவ்வீட்டில் வறுத்த கடலை, சூடு ஆறாமல்.