சாக்கடையை அடைத்த பை ரோடு ஆனது!
யாரும் சொல்லாமலே வழி கண்டுபிடித்த மதுரை வாத்தியார்

மழை பெய்தால் ரோடு பெயரும். பிளாஸ்டிக் பை அடைத்தால் சாக்கடை நிறையும். இரண்டுக்கும் அதிகாரிகளைத் திட்டுவது நம் வழக்கம். மதுரையில் ஒரு வாத்தியார் திட்டவில்லை. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்!

அவர் ராஜகோபாலன் வாசுதேவன். திருப்பரங்குன்றம் தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். ரோடு போடுவது அவர் வேலை அல்ல. போடச் சொல்லி உத்தரவும் இல்லை.

2001-ம் ஆண்டு வாக்கில் பிளாஸ்டிக்கைத் தடை செய்யவேண்டும் என்று எங்கும் ஒரே பேச்சு. சரி, ஏற்கனவே குவிந்து கிடப்பதை என்ன செய்வது? வாத்தியார் மூளை வேலை செய்தது. தாரும் பெட்ரோலியச் சரக்கு. பிளாஸ்டிக்கும் பெட்ரோலியச் சரக்கு. இரண்டும் ஒட்டாமலா போகும்?

முதலில் கல்!

பிளாஸ்டிக்கை நேராகத் தாரில் கொட்டினால் கொஞ்சம்தான் கலக்கும். ஆகவே அவர் வழியை மாற்றினார். ஜல்லியைச் சுமார் 170 டிகிரி சூடாக்கி, பொடியாக நறுக்கிய பைகளைத் தூவினார். ஒரு நிமிஷத்துக்குள் பிளாஸ்டிக் இளகி, கல்லின் மேல் பூச்சாகப் படிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தார்.

கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் ரோடு பெயரும். இங்கே புக வழியில்லை! ஒன்று மட்டும் ஜாக்கிரதை: சூடு அளவு மீறக்கூடாது. பி.வி.சி. சேர்க்கவே கூடாது. இல்லையென்றால் விஷப்புகை கிளம்பும்.

இதற்குப் புது மிஷின் வேண்டாம். அதே கொதிகலவை, அதே தொழிலாளர்கள். ஒற்றைத் தட ரோடு 1 கிலோமீட்டருக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் போகும். கிட்டத்தட்ட அதே அளவு தார் மிச்சம்.

நுங்கம்பாக்கத்தில் சோதனை

2002-ல் சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் இந்த ரோடு போடப்பட்டது. பல மழைக்காலம் தாங்கி நின்றதால் தெருவே பிரபலமாகிவிட்டது. 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2015-ல், 5 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்களைச் சுற்றிப் போடும் தார் ரோடுகளில் பிளாஸ்டிக் கழிவைச் சேர்க்கும்படி மத்திய அரசு சொன்னது. 2018-ல் வாத்தியாருக்கு பத்மஸ்ரீ!

"அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை சார்" என்று அவரும் ஒதுங்கியிருந்தால் பை சாக்கடையிலேயே கிடந்திருக்கும்.

அடுத்த தடவை உங்கள் தெருவுக்குத் தார் வண்டி வரும்போது சும்மா வேடிக்கை பார்க்காதீர்கள். "ஜல்லியிலே பிளாஸ்டிக் போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்!