பாலர் பள்ளியில் கணிதமும் விஞ்ஞானமும்

வறிய குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நம் நாட்டின் அனுபவமே இதனை மறுக்கிறது. இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள போர்டி கிராமத்தில், 1945-ஆம் ஆண்டில் தாராபாய் மோடக் அம்மையார் பாலர் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணைநின்றார். 1957-இல் கோஸ்பாட் குன்றுக்கு மாறிய அந்நிலையம் வார்லிப் பழங்குடிக் குழந்தைகளிடையே பணியாற்றிற்று. கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை ஆகியவையே அங்குச் சாதனங்களாயின.

எண்ணுதல் என்பது எண்களின் பெயரை ஒப்பிப்பதன்று. அதில் மூன்று திறன்கள் அடங்கியுள்ளன. எண்ணுப் பெயர்களை மாறாத வரிசையில் கூறுதல் ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரு பெயராகப் பொருத்துதல் மற்றொன்று. இறுதியில் கூறிய எண்ணே மொத்தத் தொகை என உணர்தல் மூன்றாவது. பத்து வரை பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம், "மூன்று விதை கொடு" என்று கேட்டால், அது கை நிறைய அள்ளித் தருவதுண்டு. மூன்றாவது திறன் இன்னும் கைவரவில்லை என்பதே இதன் பொருள்.

ஆகவே, முதலில் ஓர் இலைக்கு ஒரு விதை வீதம் வைக்கச் சொல்லுக. பின்னர் மூன்று விதைகளைத் தொட்டு எண்ணச் செய்து, "மொத்தம் எத்தனை?" என வினவுக. அவற்றையே அகலப் பரப்பி மீண்டும் வினவுக. இடம் மாறினும் தொகை மாறாது என்பதைக் குழந்தை தானே காணும். எண்ணுருவங்களை எழுதுதல் இதன் பின்னரே வரவேண்டும். சிறு விதைகளைக் குழந்தைகள் வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொள்ளக்கூடுமாதலால் கண்காணிப்பு அவசியம்.

விஞ்ஞானத்திற்கு ஒரு வாளித் தண்ணீர் போதுமானது. ஆணி, மரத்துண்டு, கல், இலை ஆகியவற்றை எடுத்து, "இது மிதக்குமா, மூழ்குமா?" என்று முதலில் கேட்டு, பிறகு இட்டுப் பார்க்கச் செய்க. பெரிய மரத்துண்டு மிதப்பதையும் சிறிய ஆணி மூழ்குவதையும் குழந்தை வியப்புடன் காணும். உடனே விளக்கம் கூற முற்படாமல், மிதந்தவற்றையும் மூழ்கியவற்றையும் இரு குவியல்களாகப் பிரித்து எண்ணச் செய்வது நலம்.

வீட்டு மொழி வேறாயின் எண்ணுப் பெயர்களை அம்மொழியிலேயே தொடங்குக. வாய் திறவாத குழந்தையை மந்தமெனக் கருதுதல் பெரும் அநீதியாகும். முதல் வகுப்பிலேயே அம்முத்திரை விழுந்துவிட்டால் பின்னர் அகற்றுவது அரிது. கேட்டபடி மூன்று விதைகளை எடுத்துத் தந்த கை, சொல்லால் கூறாவிடினும், விடை கூறிவிட்டது. ஆசிரியர் தம் குறிப்பேட்டில் பதிய வேண்டுவது அதனையே.