ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு



ராத்திரியில் மாட்டுக் கொட்டகைக்கோ கழிப்பறைக்கோ போகும்போது, இருட்டில் சுவிட்சைத் தடவித் தேடுகிறோம். ஒரு கையில் வாளி, இடுப்பில் பிள்ளை. காலடியில் பூச்சி பொட்டு கிடந்தாலும் தெரியாது. விடிய விடிய விளக்கை எரியவிட்டால் கரண்டு பில் ஏறும். ஆள் வந்ததும் எரிந்து, போனபின் அணைகிற விளக்கு இருந்தால் எவ்வளவு நல்லது!

அதற்கு முக்கியமானவை இரண்டு சின்னப் பொருட்கள்தான். ஒன்று சென்சார், இன்னொன்று ரிலே. "இதெல்லாம் படிச்சவங்க வேலை" என்று ஒதுங்க வேண்டாம். தையல் மிஷினில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு இதுவும் வரும்.

சென்சார் என்ன செய்கிறது?

மனிதர், ஆடு, மாடு எல்லார் உடம்பிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் வெளிவருகிறது. சூடான உடம்பு ஒன்று குறுக்கே நகர்ந்தால், அந்தக் கதிரில் ஏற்படும் மாற்றத்தை சென்சார் கண்டுகொள்கிறது. இதற்கு ‘பிஐஆர் சென்சார்’ என்று பெயர். கடைகளில் அதிகம் கிடைப்பது ‘எச்சி-எஸ்ஆர் 501’. வெள்ளைக் குமிழ் வைத்த சின்ன போர்டு. சுமார் 7 மீட்டர் தூரம் வரை பார்க்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பாம்பின் உடம்பு சுற்றுப்புறத்தைப் போலவே இருப்பதால், அதை இந்த சென்சார் காட்டிக் கொடுக்கும் என்று நம்ப முடியாது. நம்மைப் பார்த்து விளக்கைப் போடும். வெளிச்சத்தில் பாம்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரிலே எதற்கு?

ஆளைப் பார்த்ததும் சென்சார் தருவது வெறும் 3.3 வோல்ட் சைகைதான். அதில் பல்பு எரியாது. வயலில் ஒருவர் கைகாட்ட, நீர்பாய்ச்சி மடையைத் திறந்துவிடுகிறார் அல்லவா? கைகாட்டுவது சென்சார், மடையைத் திறப்பது ரிலே. சைகை கிடைத்ததும் ரிலே ‘டிக்’ என்ற சத்தத்தோடு பல்பின் இணைப்பைச் சேர்த்துவிடும்.

தனி ரிலேவை சென்சாரோடு நேராக இணைக்கக் கூடாது. அதை இழுக்க 70 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் வேண்டும். சென்சாரால் அவ்வளவு தர முடியாது. போர்டோடு சேர்ந்த ‘5 வோல்ட் ரிலே மாட்யூல், ஹை டிரிக்கர்’ என்று கேட்டு வாங்குங்கள். ‘லோ டிரிக்கர்’ வாங்கிவிட்டால், ஆள் இல்லாதபோது எரிந்துகொண்டிருக்கும்.

இணைக்கும் முறை

முதலில் 5 வோல்ட்டிலேயே செய்து பழகுவோம். தேவையானவை: 1 ஆம்பியர் மொபைல் சார்ஜர், அதன் பழைய வயர், சென்சார், ரிலே மாட்யூல், 3 வாட்டுக்கு மிகாத 5 வோல்ட் எல்.இ.டி. பல்பு. வயரை நறுக்கும்போதும் இணைக்கும்போதும் சார்ஜர் பிளக்கில் இருக்கக் கூடாது.

1. நறுக்கிய வயரில் பெரும்பாலும் சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். மீட்டர் வைத்துச் சரிபார்ப்பது நல்லது. மற்ற வயர்கள் ஒன்றோடொன்று படாமல் டேப் சுற்றிவிடுங்கள்.
2. பிளஸ் வயரை சென்சாரின் ‘விசிசி’, ரிலேயின் ‘விசிசி’, ரிலேயின் திருகு முனையில் உள்ள ‘காம்’ ஆகிய மூன்றுக்கும் கொடுங்கள்.
3. மைனஸ் வயரை சென்சாரின் ‘ஜிஎன்டி’, ரிலேயின் ‘ஜிஎன்டி’, பல்பின் மைனஸ் ஆகிய மூன்றுக்கும் கொடுங்கள்.
4. சென்சாரின் நடு முனை ‘அவுட்’. அதை ரிலேயின் ‘இன்’ முனையோடு சேருங்கள்.
5. ரிலேயின் ‘என்ஓ’ முனையிலிருந்து பல்பின் பிளஸுக்கு வயர் போகட்டும்.

சென்சாரில் எழுத்து தெரியவில்லையா? வெள்ளைக் குமிழை மெதுவாகக் கழற்றினால் பல போர்டுகளில் அடியில் இருக்கும்.

எல்லாம் சரிபார்த்தபின் பிளக்கைப் போடுங்கள். முதல் ஒரு நிமிடம் விளக்கு தானாக எரிந்து அணையலாம். பயப்பட வேண்டாம், சென்சார் தயாராகிறது. பிறகு குறுக்கே நடந்து பாருங்கள். சென்சாரில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கு, மற்றது எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு.

எங்கே மாட்டுவது?

நடைபாதைக்குப் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே மாட்டுங்கள். நேராக எதிரே வருவதைவிடக் குறுக்கே போவதை நன்றாகப் பார்க்கும். ஆடு மாடு கட்டியிருக்கும் பக்கம் திருப்பினால் ராத்திரி முழுக்க எரிந்து எரிந்து அணையும். வெயில், அடுப்புச் சூடு நேராகப் படக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வேலை செய்யாது. மழைத்தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் தேவையில்லை, சுவிட்சை அணைத்துவிடலாம்.

கட்டாயம் கவனிக்க!

ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக் கரண்டை நாமே கொடுத்துப் பார்க்கவே கூடாது. போர்டின் அடிப்பக்கத்தில் ஈயம் வைத்த முனைகள் திறந்தே இருக்கும். 230 வோல்ட் ஓடும்போது அங்கே விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து. கொட்டகையும் கழிப்பறையும் ஈரமான இடங்கள் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

வீட்டு லைனில் பெரிய பல்பு போட வேண்டுமானால் உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஃபேஸ் வயரைத்தான் ரிலே வழியாகக் கொடுத்தீர்களா? போர்டை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தீர்களா? வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா? கசிவு ஏற்பட்டால் கரண்டை உடனே துண்டிக்கும் கருவி அது. வேலை தெரிந்து கேட்டால் பதில் சரியாக வரும். செலவும் நம் கணக்குக்குள் இருக்கும்.

சென்சார் பொருத்திய ஆயத்த பல்பும் ஹோல்டரும் கடையில் கிடைக்கின்றன. அவசரத்துக்கு அதுவே போதும். ஆனால் உள்ளே நடப்பது தெரிந்தால், கெட்டுப்போகும்போது முழுசாகத் தூக்கிப்போடாமல் எது போனது என்று பார்க்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில், பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளையும் உட்கார வைத்து, 5 வோல்ட்டில் ஒன்று செய்து பாருங்கள்.